காதல் பக்கங்களை மட்டும் படிப்பவர்

கொலை நாவல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் காதல் வரும் பக்கங்களைத் தாண்டிவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான். பிணம் கிடந்த அறையில் இன்ஸ்பெக்டர் அப்போதுதான் குனிந்து எதையோ எடுத்திருப்பார். அது என்னவென்று சொல்லாமல், அடுத்த அத்தியாயத்தில் கதாநாயகியை மழையில் நனையவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நனைந்து முடிக்கட்டும் என்று பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

நான் சொல்லப்போகிறவர் இதற்கு நேர்மாறு. இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு மழையில் நனைகிறவர்களிடம் போவார். அவரிடம் இரவல் வாங்கிய புத்தகம் எதுவானாலும், மேசைமேல் வைத்தால் காதல் பக்கத்தில்தான் தானாகப் பிரியும். அங்கே அத்தனை தடவை படித்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவருக்கு இப்படி ஓர் ஆசையா என்று ஆரம்பத்தில் நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு. சிரிக்கிற விஷயமில்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது.

எங்கள் வாசகர் குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடும். பெங்களூருக்குப் பிழைக்க வந்து, தமிழில் சண்டை போட ஆள் கிடைக்காமல் வாட்ஸ்ஆப்பில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தவர்கள் நாங்கள். உலக இலக்கியம் என்றுதான் ஆரம்பித்தோம். ஓரிரு கூட்டங்களிலேயே ஆள் குறைந்துவிட்டது. துப்பறியும் நாவலுக்கு இறங்கி வந்தோம். ஹாலில் உட்கார இடமில்லாமல் போனது. வாசகர்களைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மயக்கமும் அன்றோடு தெளிந்தது.

குழுவில் வாய் திறக்கிறவர்கள் சிலரே. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வங்கி சார் என்போம். எந்த நாவலைக் கொடுத்தாலும், "நான் பாதியிலேயே கண்டுபிடிச்சிட்டேன்" என்பார். யாரை என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோவைத் தம்பி ஒருவன். அவன் வரி விடாமல் படிப்பான். எந்தக் காட்சி எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பிறகு நான். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நாள் முழுக்கச் சம்பளக் கணக்குப் பார்ப்பவள், எழுத்துப் பிழைகூடப் பொறுக்காதவள். எங்களுக்கு நடுவே, கொண்டையில் பென்சில் செருகியபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார் அவர். எல்லோருக்கும் ஆன்ட்டி.

கூட்டத்தில் அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி. எந்த நாவலானாலும் அதே கேள்வி.

"அவளை அவன் எப்போ முதல்ல பாத்தான்?"

முதல் தடவை கேட்டபோது எங்களுக்குப் புரியவில்லை. நகைக்கடைக்காரர் ஒருவர் கொலையாகும் கதை அது. அவருடைய தொழில் கூட்டாளியும் இளம் விதவையும் பின்னால் காதலிப்பார்கள். எங்கள் விவாதமெல்லாம் விஷம் எந்த டம்ளரில் இருந்தது என்பதைப் பற்றித்தான்.

"ஆன்ட்டி, கொலைகாரன் யாருன்னு கேக்கறீங்களா?" என்றார் வங்கி சார்.

"அதை எழுதினவரே கடைசியில சொல்லிடுவாரே. இவன் அவளை எப்போ பாத்தான்னு கேக்கறேன். அவரு சாகறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"பார்த்ததுல என்னம்மா இருக்கு?"

"அதுலதான் எல்லாம் இருக்கு. அப்புறம் பாத்தான்னா அது காதல். முன்னாடியே பாத்துட்டான்னா, அதுதான் கொலைக்குக் காரணம்."

கோவைத் தம்பி அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினான். முன்னாடியே பார்த்திருந்தான். ஆரம்பத்திலேயே, கடைத் திறப்பு விழாவில், ஒரே ஒரு வரி. எழுதியவர் அதைத் துப்பாகவே வைத்திருந்தார். நாங்கள் அத்தனை பேரும் காதல்தானே என்று தாண்டிவிட்டிருந்தோம். அன்றிலிருந்து வங்கி சார் அவரைக் கண்டால் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மல்லேஸ்வரத்தில் இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. நான் வாடகைக்கு மாடியில். அவருக்குச் சொந்த வீடு, முன்னால் கார் நிறுத்த இடம், அதன் நடுவே தரைக்குக் கீழே சம்ப் எனும் தண்ணீர்த் தொட்டி. இந்த ஊரில் சம்ப் இல்லாத வீடு ஏது? காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதில் நிரப்பி, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றவேண்டும். முதல்முறை நான் போனபோது அதன் இரும்பு மூடி திறந்திருந்தது. அவருடைய கணவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா. பாத்து, ஓரமா வா. தண்ணி ஸ்வல்பதான் வந்திருக்கு" என்றார்.

ஆன்ட்டி உள்ளே வாசற்படியில் நின்றிருந்தார். "மூடுங்க முதல்ல. அவ வரட்டும்" என்றார். மூடிய பிறகுதான் என்னை நடக்கவிட்டார். வயதானவர்களுக்கு உள்ள பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கணவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மனைவிக்கு ஆரஞ்சு உரித்தால், சுளையின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். என் வீட்டுக்காரருக்கு ஆரஞ்சு எந்தப் பக்கம் உரிக்கவேண்டும் என்றே தெரியாது. "அங்கிள் மாதிரி ஒருத்தர் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்று நான் ஒரு தடவை சொன்னேன். அந்தச் சுளையை வாயில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார் ஆன்ட்டி.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கணவர் புத்தகம் படிக்கமாட்டார். சாப்பிடும்போது ஆன்ட்டி அவருக்கு நாவலை வாயால் சொல்வார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "யாரு பண்ணிருப்பா, சொல்லுங்க" என்பார். ஒருநாள் மத்தியானம் நானும் அங்கே சாப்பிட்டேன். அன்றைய கதையில் சந்தேகப்பட ஏகப்பட்ட ஆட்கள். நானே தடுமாறிப்போன நாவல். அங்கிள் ரசத்தைப் பிசைந்தபடி, நிமிராமல், "அந்த டியூஷன் வாத்தியார்" என்றார். சரியான பதில்.

"எப்படி அங்கிள்?"

"அவன்தாம்மா துக்கம் கேக்க வந்த வீட்ல, ஃபேன் சத்தமா இருக்கு, எண்ணெய் விடணும்னு சொல்றான். பண்ணினவனுக்கு மனசு லேசாயிடும். சின்னச் சின்ன வீட்டு வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியும்."

சாதாரணமாகச் சொன்னார். ஆன்ட்டி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவரு ஒரு தடவைகூடத் தப்பா சொன்னதில்ல" என்றார் என்னிடம். பெருமையாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பெருமை இல்லை.

பின்னொரு நாள் சாங்கி ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். தண்ணீர்ப் பக்கம் என்னை விட்டுவிட்டு அவர் எப்போதும் மரங்கள் பக்கமாகவே நடப்பார். அவருடைய மகள் அப்போதுதான் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போயிருந்தாள். வீடு வெறிச்சென்று இருக்குமே என்று கேட்டேன்.

"அவ நான் பெத்த பொண்ணு இல்லம்மா. எங்க அக்கா பொண்ணு" என்றார்.

நடந்துகொண்டே சொன்னார், நாவல் கதை சொல்கிற அதே குரலில். அக்காவைத்தான் முதலில் அங்கிளுக்குக் கொடுத்தார்கள். குழந்தை தவழ ஆரம்பித்திருந்தபோது அக்கா அந்த வீட்டுச் சம்ப்பில் விழுந்து இறந்துபோனாள். தண்ணீர் வந்ததா என்று பார்க்கத் தான் மூடியைத் திறந்ததாகவும், உள்ளே போனபோது மூட மறந்துவிட்டதாகவும், குழந்தைத் துணி வாளியோடு வந்தவள் கால் தவறியதாகவும் அங்கிள் சொன்னாராம். போலீஸ் வந்தது, விபத்து என்று எழுதியது, போனது. வாணியம்பாடியில் ஆன்ட்டியின் பெற்றோர் கூடிப் பேசினார்கள். கைக்குழந்தையோடு ஆம்பிளை என்ன செய்வார்? வேறு ஒருத்தி வந்தால் குழந்தையைப் பார்ப்பாளா? வருஷம் திரும்புவதற்குள் தங்கை கழுத்தில் தாலி ஏறியது.

"என்னை யாரும் கேக்கல. எல்லா வீட்லயும் நடக்கறதுதானே. நானும் குழந்தையைத்தான் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் அவரு டியூட்டிக்குப் போனதும், அந்த மூடியைத் தூக்கிப் பாத்தேன். ரெண்டு கையாலயும் அசைக்க முடியல. அவ்ளோ பாரத்தைத் தூக்கி வெச்ச ஆளு அதை மறப்பாரா?"

எங்களைத் தாண்டி யாரோ ஓடிப்போனார்கள். நான் நின்றுவிட்டேன்.

"அவரைக் கேட்டீங்களா ஆன்ட்டி?"

"கேட்டு, ஆமான்னுட்டா? குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு எங்க போறது? இல்லைன்னு சொன்னா மட்டும் நான் நம்பிடுவேனா? கதையில நமக்குக் கடைசி அத்தியாயம் இருக்கு. எனக்கு யாரு வந்து எழுதுவா?"

"எப்படி இத்தனை வருஷம் அந்த வீட்ல…"

"ஒரே ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு. கல்யாணமான புதுசுல சொன்னாரு. 'உங்க அக்கா கல்யாணத்துல நீ எங்க இருந்தேன்னுகூட எனக்கு ஞாபகமில்ல. துக்கத்துக்கு வந்து குழந்தையைத் தூக்கிட்டு நின்னியே, அன்னிக்குத்தான் உன்னை நிமிர்ந்தே பாத்தேன்'னு. அது நெஜம்னா, அவருக்குக் காரணமே இல்ல. மறந்துதான் போயிருக்காரு. பாவம் மனுஷன், நான்தான் வீணா சந்தேகப்படறேன்."

"பொய்யா இருந்தா?"

"அப்போ எங்க அக்கா செத்தது எனக்காக."

அவர் எதற்காகக் காதல் பக்கங்களைப் படிக்கிறார் என்று அப்போது புரிந்தது. அவரோ பென்சிலை எடுத்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கொத்தமல்லி வாங்கணும், வா" என்றார்.

அதன் பிறகு எனக்கு அங்கிளிடம் சரியாகப் பேச வரவில்லை. ஆரஞ்சின் நாரை எடுக்கும் அந்த விரல்களையே பார்ப்பேன். அதே சமயம், ஒரு மறதிக்காக வாழ்நாள் முழுக்கச் சந்தேகத்துக்கு ஆளான அப்பாவியாகவும் அவர் இருக்கலாமே என்று தோன்றும். ஒரு நாள் இப்படி, மறுநாள் அப்படி. எனக்கே இப்படியென்றால், அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த நேரம் பார்த்துக் கோவைத் தம்பி ஒரு நாவலைக் கொண்டுவந்தான். மலைமேல் ஒரு விருந்தினர் விடுதி. புதிதாகக் கல்யாணமானவள் பள்ளத்தாக்கில் பிணமாகக் கிடைக்கிறாள். புருஷன்மேல் சந்தேகம். ஊரிலிருந்து தங்கை வருகிறாள். அவனும் அவளும் சேர்ந்து கொலைகாரனைத் தேடுகிறார்கள். தேடத் தேடக் காதல். கடைசியில் விடுதி மேனேஜர்தான் கொலைகாரன் என்று தெரிந்து இருவரும் மாலை மாற்றுகிறார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் அபிப்பிராயங்கள் வந்து குவிந்தன. ஒருவர் விடிய விடியப் படித்தேன் என்றார். ஒருவர் காதல் இல்லாமலிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்திருக்கலாம் என்றார். ஒருவர் படிக்காமலேயே நெருப்புப் பொம்மை போட்டார்.

கதையைப் படித்ததுமே ஆன்ட்டிக்குப் போன் போட்டு, "வேற நாவல் எடுத்துக்கலாம், நான் பேசிக்கறேன்" என்றேன்.

"எதுக்கு? இருக்கட்டும். இந்தத் தடவை எங்க வீட்லயே வெச்சுக்கலாம்" என்றார். பிறகு, "பொண்ணுகூட கல்யாணமாகிப் போயாச்சு. இப்போ என்ன தெரிஞ்சாலும் தாங்கிக்கலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிள் தன் கையாலேயே காராபாத் உப்புமாவும் கேசரிபாத்தும் செய்திருந்தார். தட்டுகளை அவரே கொண்டுவந்து கொடுத்தார். வங்கி சாருக்கு இரண்டாம் தடவை கேசரி வைத்தார். ஹாலில் எல்லோருக்கும் நல்ல உற்சாகம்.

"கதை ஏ ஒன். அந்தக் காதல்தான் ஸ்பீடு பிரேக்கர் மாதிரி" என்றார் வங்கி சார். "மேனேஜரை நான் பாதியிலேயே…"

"காதல் இல்லீன்னா அதுல என்னங்க சார் இருக்குது?" என்றான் கோவைத் தம்பி. "அந்தத் தொங்குபாலத்துல ரெண்டு பேரும் பாத்துக்கற சீன் ஒண்ணு போதுமுங்க. நான் அதை நாலு தடவ படிச்சேன்."

நான் எழுத்துப் பிழைகளைப் பற்றி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆன்ட்டி தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி, தட்டோடு நின்றிருந்த கணவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்களேன்" என்றார்.

"நான் என்னத்தைச் சொல்றது? நான் படிக்கறவனா? நீ சொல்லிக் கேட்டதுதான்" என்று சிரித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார் அங்கிள். "மேனேஜர்தான் பண்ணான். அது முதல்லயே தெரியுதே."

"பாத்தீங்களா!" என்றார் வங்கி சார். "சரி, அங்கிள், அந்தக் காதல் தேவையா? அதைச் சொல்லுங்க."

"தேவைதான் சார். பாவம் சார் அந்தப் புருஷன்." அவருடைய குரல் இளகியிருந்தது. கேசரி விட்டுப்போன நெய்யைத் துணியால் விரலிலிருந்து துடைத்துக்கொண்டார். "எத்தனை நாளா மனசுலயே வெச்சிருந்தான். அக்கா கல்யாணத்துல வாசல்ல பன்னீர் தெளிச்சுக்கிட்டு நின்னாளே. பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி. மாப்பிள்ளை உள்ள வர்றப்போ அவன் மேலயும் தெளிச்சுட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஓடினாளே. அப்பவே முடிஞ்சுபோச்சு சார். அதுக்கப்புறம் அவன் என்னதான் பண்ணுவான்?"

கோவைத் தம்பி நெற்றியைச் சுருக்கினான். தப்பாக எதையும் நினைக்கத் தெரியாத பிள்ளை.

"அங்கிள், அப்படி ஒரு சீன் நாவல்ல இல்லீங்களே. அக்கா கல்யாணத்துக்கு அந்தப் பொண்ணு போகவே இல்லீங்க, பரீட்சைன்னு. அவன் அவளை மொதமொதல்ல பாக்கறதே அக்கா செத்ததுக்கப்புறம், அந்தப் பாலத்துலதானுங்க."

யாரோ தட்டில் ஸ்பூனை வைத்த சத்தம் கேட்டது. அங்கிளின் கை துணிக்குள் அப்படியே நின்றது. அவர் கோவைத் தம்பியைப் பார்க்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். ஆன்ட்டியும் அவரைப் பார்த்தார். என் வாழ்நாளில் இரண்டு பேர் அப்படிப் பார்த்துக்கொண்டதை நான் கண்டதில்லை.

"நான்தான் சொல்லும்போது சேத்துச் சொல்லிட்டேன் போல" என்றார் ஆன்ட்டி. "எனக்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தாளரைவிட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள் என்றார் வங்கி சார். கடைசியாக அங்கிளும் சிரித்தார். பிறகு எழுந்து, ஒவ்வொருவரிடமும் போய்த் தட்டுகளை வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை.

வந்தவர்கள் அடுத்த மாதம் யார் வீடு என்று பேசியபடியே கலைந்தார்கள். நான் வேண்டுமென்றே கடைசியாகக் கிளம்பினேன். ஆன்ட்டி வழியனுப்ப என்னோடு கேட்டுவரை வந்தார். என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

"நீங்க சேத்துச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "உங்க வீட்ல எனக்கு இடமிருக்கா?"

"வாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

உள்ளேயிருந்து அங்கிள் வாசற்படிக்கு வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் ஈரம். "எங்க கெளம்பிட்டே?" என்றார். கோபமில்லை, அவசரமில்லை. ஆரஞ்சு உரிக்கும்போது பேசுகிற அதே குரல்.

"இதோ, தெருமுனை வரைக்கும்" என்றார் ஆன்ட்டி திரும்பாமல்.

"செருப்பு போட்டுக்கிட்டுப் போயேன். கால் சுடும்."

ஆன்ட்டி வெறுங்காலோடேயே தெருவில் இறங்கினார். முனையில் நின்ற ஆட்டோவை நான் கையாட்டிக் கூப்பிட்டேன். என் வீடு நடக்கிற தூரம்தான். ஆனால் அந்த வாசலிலிருந்து பார்வை எட்டும் தூரம் முழுக்க முதுகைக் காட்டி நடக்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை. ஆட்டோ திரும்பி, தெரு மறைந்த பிறகுதான் அவர் என் கையை விட்டார். அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பன்னீர்ச் செம்பை வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கமாட்டேன்னு நான் ஒரே அழுகை. வர்றவங்க எல்லாம் பாப்பாங்கன்னு வெக்கம். அந்தப் பச்சைப் பாவாடைகூட எங்க அக்காவோடதுதான், அவளே கட்டிவிட்டா. 'நில்லுடி, எல்லாரும் பாக்கட்டும், நீ எவ்ளோ அழகா இருக்கே'ன்னு சொல்லி, தோளைப் பிடிச்சு அவதான் என்னை அங்க நிக்க வெச்சா."